பீடத்தில் ஒரு சிலேடை

பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிய காளமேகப் புலவரோடு சிலேடை முடிந்துபோனது என்று நினைப்பவர்கள், 2025இல் அமெரிக்க ராணுவம் தன் தளங்களுக்குப் பெயர் சூட்டிய விதத்தைக் கவனிக்க வேண்டும். வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் நகரை ஒட்டி ஒரு பெரிய ராணுவத் தளம் இருக்கிறது. 1917இல் வெறும் முகாமாக இருந்த காலத்திலிருந்தே அதன் பெயர் லீ. அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் ஈ. லீயின் பெயர் அது. கூட்டமைப்பினரின் பெயர்களை ராணுவ உடைமைகளிலிருந்து நீக்கச் சொல்லும் சட்டம், அதிபர் ட்ரம்ப் அதைத் தடுத்தும், 2021 புத்தாண்டு நாளன்று காங்கிரஸில் நிறைவேறியது. அதன்படி 2023இல் அந்தத் தளம் கிரெக்-ஆடம்ஸ் ஆனது. இரண்டு கறுப்பின அதிகாரிகளின் பெயர்கள். சாரிட்டி ஆடம்ஸ் இரண்டாம் உலகப் போரில் கறுப்பினப் பெண்களின் தபால் படைப்பிரிவை ஐரோப்பாவில் வழிநடத்தியவர். ஆர்தர் கிரெக் இளம் அதிகாரியாக அதே தளத்தில் வேலை பார்த்தவர். அந்த நாட்களில் அங்கிருந்த அதிகாரிகள் மன்றத்துக்குள் அவரை விடமாட்டார்கள். தன் பெயர் வாசலில் ஏறியதைப் பார்க்கும்போது அவர் தொண்ணூறுகளில் இருந்தார்.

2025இல் லீ திரும்பி வந்தார். சட்டம் தடுக்கிறதே என்றால், தடுக்கவில்லை. இது அந்த லீ இல்லையாம். 1898இல் கியூபாவில், நடுராத்திரியில், கரையில் சிக்கிய காயம்பட்ட வீரர்களை மீட்டுப் பதக்கம் பெற்ற சாதாரணச் சிப்பாய் ஃபிட்ஸ் லீயாம். கறுப்பினத்தவர், பத்தாம் குதிரைப்படையைச் சேர்ந்தவர். உண்மையான வீரர்தான், அதில் சந்தேகமே இல்லை. வட கரோலினாவில் உள்ள பிராக் தளமும் இப்படித்தான் வேறொரு பிராக்கைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டது. இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. ராபர்ட் லீயின் அண்ணன் மகன் ஃபிட்ஸ்ஹ்யூ லீ, அவரும் கூட்டமைப்பின் குதிரைப்படைத் தளபதி, பிறகு வர்ஜீனியாவின் ஆளுநர். ஊரார் அவரைச் சுருக்கமாக அழைத்த பெயர் ஃபிட்ஸ் லீ.

காளமேகம் சிலேடை பாடும்போது இரண்டு பொருளையும் நம் முன்னால் வைத்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பார். இங்கே கணக்கு வேறு. ஒரு பொருள் நீதிமன்றத்துக்கு, இன்னொன்று கூட்டத்துக்கு. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் கறுப்புச் சிப்பாய். வாசல் பலகையை நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைத் தளபதி. கியூபாவில் உயிரைப் பணயம் வைத்த மனிதரை, இறந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், வேறொருவரின் பெயருக்குக் காவல் நிற்பதற்காக. அமெரிக்கச் சின்னங்கள் பற்றிய சர்ச்சையில் இவ்வளவு திறமையான ஒரு வரியை நான் படித்ததில்லை. திறமையைப் பாராட்டிவிட்டு வாந்தியெடுக்கலாம்.

அந்த ஒற்றைச் சொல் நெடுநாள் தனியாகவே வேலை செய்தது என்பதற்கு ரிச்மண்டில் சான்று இருந்தது. 1890 மே மாதம் அங்கே திறக்கப்பட்ட லீ சிலையின் பீடத்தில் புகழ்மாலை ஒன்றும் பொறிக்கப்படவில்லை. ஊர், பேர், போர், பிறந்த நாள் எதுவும் இல்லை. லீ என்று மட்டும் இருந்தது. பீடமும் குதிரையும் ஆளும் சேர்ந்து சுமார் 60 அடி. பிரெஞ்சுச் சிற்பி அந்தோனின் மெர்சியேவின் வேலை. விளக்கம் எழுதாமல் விடுவது ஒரு இலக்கிய உத்தி. வாசகனுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையிலிருந்து வருவது அது. தெரியாதவன் இந்தத் தெருவின் வாசகன் இல்லை என்றும் அது சொல்லிவிடுகிறது.

ஆனால் சிலையின் முதல் விமர்சகர் அந்தத் தெருவுக்கு வெளியிலிருந்துதான் வந்தார். ஜான் மிட்செல், அடிமையாகப் பிறந்தவர், ‘ரிச்மண்ட் பிளானெட்’ என்ற கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர், நகரமன்ற உறுப்பினரும்கூட. சிலைக்கு நகரத்தின் பணத்தைத் தருவதை எதிர்த்தார். திறப்பு விழா நாட்களில் அவர் எழுதியதன் சாரம் இது: இந்தச் சிலையை ஏற்றி வைத்த உழைப்பு கறுப்பின மனிதனுடையது, இறக்க வேண்டிய காலம் வந்தால் அதற்கும் அவனே வந்து நிற்பான். 2021 செப்டம்பர் 8 அன்று சிலையை இறக்கிய ஒப்பந்த நிறுவனத்தின் உரிமையாளர் ஒரு கறுப்பினத்தவர். மற்ற நிறுவனங்கள் பயந்து ஒதுங்கின. அவர் கொலை மிரட்டல்களுக்கு நடுவில் வேலையை முடித்தார். இதை முன்னறிவிப்பு என்று சிலர் சிலாகிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லும் கயிறும் யார் கையில் இருந்தன என்று கண்ணால் பார்த்த ஒருவரின் எளிய கணக்கு அது.

சிலையை எடுப்பது வரலாற்றை அழிப்பது என்பவர்கள் ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. போர் 1865இல் முடிந்தது. இந்தச் சிலைகளில் பெரும்பாலானவை முளைத்தது 1890களுக்குப் பிறகு, கறுப்பினத்தவரின் வாக்குரிமை ஒவ்வொரு மாநிலமாகப் பறிக்கப்பட்ட காலத்தில். ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் கூட்டமைப்பின் போர்ச் சின்னத்தைச் சேர்த்தது 1956இல், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டுகளில். தென் கரோலினா தன் சட்டமன்றக் கட்டடத்தில் அந்தக் கொடியை ஏற்றியது 1961இல். அது முழுமையாக இறங்குவதற்கு 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட வேண்டியிருந்தது. லீயே 1869இல், கெட்டிஸ்பர்க்கில் நினைவுச் சின்னம் வைக்க அழைத்தவர்களுக்கு, போரின் புண்களைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்று மறுத்து எழுதினார். அவர் பக்தர்கள் அந்தக் கடிதத்தை அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை.

இதெல்லாம் பலரும் சொன்னது. நான் நின்று பார்க்க விரும்புவது சிலையின் அடியில் இருந்த மண்ணை. லீ சிலை வைக்கப்பட்டபோது அந்த இடம் நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த வெறும் வயல். சிலையை மையமாக வைத்து மனைகள் பிரிக்கப்பட்டன. தெருவுக்கு மான்யுமென்ட் அவென்யூ என்று பெயர் வந்தது. நம் ஊரில் புறநகர் மனை விற்பவர்கள் ‘அருகில் பொறியியல் கல்லூரி’ என்று விளம்பரம் செய்வதைப்போல, அங்கே தளபதி. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மனை விற்கப்படாது, வாடகைக்கும் விடப்படாது என்பதை அந்தப் பகுதியின் விளம்பரங்கள் ஒரு வசதியாகவே அச்சிட்டன. சற்றுத் தள்ளி இருந்த ஜாக்சன் வார்ட், வங்கிகளும் அரங்குகளும் நிறைந்த கறுப்பினக் குடியிருப்பு. 1930களில் அரசின் வீட்டுக் கடன் வரைபடங்களில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு அடிக்கப்பட்டது. 1950களில் அதன் நடுவே நெடுஞ்சாலை வெட்டிக்கொண்டு போனது. ஒரு தெருவில் வீட்டின் விலை தலைமுறைக்குத் தலைமுறை ஏறியது. இன்னொரு தெருவே காணாமல் போனது.

சின்னம் ஒரு விவாதம், இனச் சலுகை வேறொரு விவாதம் என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. முன்னது உணர்வு சார்ந்தது, பின்னது பொருளாதாரம் என்கிறார்கள். மான்யுமென்ட் அவென்யூவில் இரண்டும் ஒரே பத்திரத்தில் பதிவானவை.

பதில் சொன்ன கலைஞர்களில் கெஹிண்டே வைலியைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அவருடைய ‘போர் வதந்திகள்’ 2019இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் திறக்கப்பட்டு, அந்த டிசம்பரில் ரிச்மண்டின் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு நிரந்தரமாக வந்தது. மான்யுமென்ட் அவென்யூவில் இருந்த ஜெப் ஸ்டூவர்ட் சிலையின் அதே குதிரை, அதே முறுக்கம். ஏறியிருப்பவன் மட்டும் கிழிந்த ஜீன்ஸும் தலைமூடிச் சட்டையும் நைக்கி காலணியும் அணிந்த கறுப்பின இளைஞன். அடுத்த மனையில் இருப்பது கூட்டமைப்பின் மகள்கள் சங்கத்தின் தலைமையகம். தெற்கெங்கும் இந்தச் சிலைகளை நட்டுப் பாடப்புத்தகங்களைத் தணிக்கை செய்த அதே சங்கம். இந்த அக்கம்பக்கத்தை வைலியால்கூடச் செதுக்கியிருக்க முடியாது.

நான் அதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை சலிப்பு வந்தது. பகடி என்பது மூலத்தின் எலும்புக்கூட்டைக் கடன் வாங்குவது. இங்கே கடன் அதிகம். ஆளை மாற்றலாம், குதிரையை மாற்ற முடியவில்லை. உயரத்தில் இருப்பவனே மனிதன் என்ற பழைய இலக்கணம் அப்படியே இருக்கிறது. ஸ்டூவர்ட் 2020 ஜூலையில் இறக்கப்பட்ட பிறகு, மூலம் இல்லாத பகடியாக அது தனித்து நிற்கிறது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஒரு குழந்தை இந்தத் தளபதி எந்தப் போரில் சண்டை போட்டார் என்று கேட்கும்.

அதே நகரத்தில் வாலன்டைன் அருங்காட்சியகம் செய்தது இதைவிடத் துணிச்சல், கலைஞரே இல்லாமல். 2020 ஜூனில் கூட்டம் இழுத்துத் தள்ளிய ஜெஃபர்சன் டேவிஸ் சிலையை அங்கே 2022இல் காட்சிக்கு வைத்தார்கள். நிமிர்த்தவில்லை, துடைக்கவில்லை. மல்லாந்து கிடக்கிறார், முகம் நசுங்கி, மேலெல்லாம் சாயம். நீட்டிய கை கூரையைக் காட்டுகிறது. பேசுவதற்காக நீட்டிய கை, படுத்த நிலையில் உதவி கேட்பதாக மாறிவிடுகிறது. அந்தச் சிலையைச் செய்தவர் எட்வர்ட் வாலன்டைன். அருங்காட்சியகத்தின் முதல் தலைவரும் அவரே. அவருடைய சிற்பக்கூடமும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. தன் முதல் தலைவரின் கைவேலையை இப்படிக் கிடத்தி வைத்ததைத்தான் நான் விமர்சனம் என்பேன்.

சார்லட்ஸ்வில் நகரத்தின் இரண்டு சிலைகளும் 2021 ஜூலையில் ஒரே நாளில் இறங்கின. 2017 ஆகஸ்டில் தீப்பந்தங்களோடு வெள்ளை இனவாதிகள் திரண்டதும், ஹெதர் ஹேயர் என்ற பெண் காரேற்றிக் கொல்லப்பட்டதும் அந்த லீ சிலையின் பெயரால்தான். லீயை 2023இல் உருக்கிவிட்டார்கள். ஸ்டோன்வால் ஜாக்சன் காரா வாக்கரிடம் போனார். அவர் வெண்கலத்தைத் துண்டுதுண்டாக அறுத்து, குதிரையின் காலில் மனிதனும் மனிதனின் இடத்தில் குதிரையுமாகத் தைத்தார். லாஸ் ஏஞ்சலிஸில் 2025இல் காட்சிக்கு வந்த அதை நான் படத்தில்தான் பார்த்தேன்; ஆகவே தீர்ப்பு சொல்லும் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அது பேயைப்போல இருக்கிறது. சாகாத ஒன்றைக் காட்ட பேயைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது.

இந்த விவாதத்தை நான் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதலில் இடறியது ஒரு சொல்லில். எங்கள் வாசகர் வட்டத்துக்காக கிளாடியா ராங்கினின் ‘ஜஸ்ட் அஸ்’ நூலிலிருந்து சில பக்கங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ராங்கின் ஜமைக்காவில் பிறந்தவர். 2020இல் வந்த இந்த நூலில் அவர் விமான நிலையங்களில் பக்கத்தில் உட்காரும் வெள்ளை ஆண்களிடம் அவர்களுடைய பிரிவிலெஜ் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறார். ஒருவர், தன் மகனுக்கு யேலில் முதல் சுற்றில் இடம் கிடைக்காததற்குப் பன்முகத்தன்மை என்ற சீட்டு அவன் கையில் இல்லாததே காரணம் என்கிறார். தான் பேசுவது யேலில் பாடம் நடத்தும் கறுப்பினப் பெண்ணிடம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இன்னொருவர் தனக்கு நிறமே தெரிவதில்லை என்கிறார். வலப்பக்கம் உரையாடல், இடப்பக்கம் குறிப்புகள், படங்கள், புள்ளிவிவரச் சரிபார்ப்பு. தன் சொந்த வாக்கியத்தையே அவர் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதிக்கிறார். சில சமயம் அந்த வாக்கியம் தோற்கிறது.

அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சிறப்புரிமை’ என்றால் சட்டமன்ற அவைக்குறிப்பு வாசனை. ‘மேட்டிமை’ அழகான சொல். ஆனால் அது மனப்பான்மையைக் குறிக்கிறது. பணிவான, அன்பான, கறுப்பின நண்பர்கள் உள்ள வெள்ளையருக்கும் இந்த விஷயம் இருக்கிறது என்பதுதானே ராங்கினின் வாதம். எல்லோரும் எழுதுவது ‘சலுகை’. நானும் மேலே ஓரிடத்தில் அதையே எழுதினேன், வேண்டுமென்றே. ஏனென்றால் தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல் யாரைச் சுட்ட வளைந்தது என்று தெரியும். சலுகை என்றால் இட ஒதுக்கீட்டில் வந்தவர், கட்டணத்தில் தள்ளுபடி பெற்றவர். வாசலில் வரிசையில் நிற்பவருக்குத் தரப்படுவது சலுகை. வீட்டுக்குள்ளேயே பிறந்தவர் பெறுவதற்கு நாம் பெயரே வைக்கவில்லை. தகுதி என்று சொல்லிவிட்டோம். அந்த யேல் அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஆக, ‘வெள்ளைச் சலுகை’ என்று மொழிபெயர்த்தால் ராங்கினின் வாதம் தமிழில் தலைகீழாகிறது.

பெக்கி மெக்கிண்டாஷ் 1989இல் இதை முதுகில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பை என்று உருவகித்தார். அது பிரபலமாகி, அலுவலகப் பயிற்சி வகுப்புகளின் விளையாட்டானது. நானும் அப்படி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொருவராகத் தங்கள் பையில் இருப்பதை ஒப்புக்கொண்டோம், காபி வந்தது, கலைந்தோம். உருவகத்தின் கோளாறு இது. பையைத் தனி மனிதர் சுமக்கிறார். கழற்றி வைத்ததாக அவரே அறிவிக்கவும் முடியும். மான்யுமென்ட் அவென்யூ வீட்டுப் பத்திரத்தை அப்படிக் கழற்ற முடியாது. ராங்கினிடமும் எனக்குள்ள குறை இங்கேதான். விமானத்தின் முதல் வகுப்பு வரிசை நுட்பமான அரங்கம், ஆனால் மிகச் சிறியது.

வட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார்: “இவங்க சண்டையில நம்மள ஏங்க இழுக்கறீங்க? நான் ரெண்டு பெட்டியோட தொண்ணூத்தெட்டுல வந்தவன். எங்க தாத்தா யாரையும் அடிமையா வெச்சிருக்கல.” நியாயமான கேள்விதான். அவருக்கு 1923 பிப்ரவரியைப் பற்றிச் சொன்னேன்.

அந்த மாதம் வாஷிங்டனில் இரண்டு விஷயங்கள் நடந்தன. கூட்டமைப்பின் மகள்கள் கேட்டபடி, தெற்கின் விசுவாசமான அடிமை ஆயாக்களுக்குத் தலைநகரில் சிலை வைக்க செனட் ஒப்புதல் தந்தது. சில வாரங்களுக்கு முன்னர்தான் அதே செனட், கும்பல் கொலைகளைத் தடுக்கும் மசோதாவைப் பேசிப் பேசியே சாகடித்திருந்தது. கறுப்பினப் பெண்களின் கடும் எதிர்ப்பில் அந்தச் சிலைத் திட்டம் பிரதிநிதிகள் சபையைத் தாண்டவில்லை. இரண்டாவது, பகத் சிங் தின்ட் வழக்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபியரான அவர் குடியுரிமை கேட்டார். 1790ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சுதந்திரமான வெள்ளையருக்கு என்று ஒதுக்கியிருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்பட்டனர். அந்த ஒதுக்கீடு அநியாயம் என்று தின்ட் வாதாடவில்லை. தான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்றார். அமெரிக்கர் கறுப்பினத்தவரைத் திருமண விஷயத்தில் எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே உயர்சாதி இந்து இந்தியாவின் பழங்குடியைப் பார்க்கிறார் என்று அவர் தரப்பு நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. நீதிபதி சதர்லண்டின் தீர்ப்பில் ஓரிடத்தில், ஆரியப் படையெடுப்பாளர் கருந்தோல் திராவிடரோடு கலந்துவிட்டதால் தூய்மை கெட்டது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நம்மைப் பற்றிய குறிப்பு அப்படித்தான் இடம்பெற்றது: வழக்கில் நாம் கட்சிக்காரர் இல்லை, இன்னொருவரின் தகுதியைக் குறைத்த கறை. அதன் பிறகு இந்தியர்கள் பலரிடமிருந்து ஏற்கெனவே கொடுத்த குடியுரிமையே பறிக்கப்பட்டது. 1946இல் கதவு கொஞ்சம் திறந்தது, ஆண்டுக்கு 100 இந்தியருக்கு. அகலத் திறந்தது 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில். அது எந்த ஆண்டு, அதற்குச் சில மாதங்கள் முன்பு செல்மா பாலத்தில் யார் அடிபட்டார்கள் என்று நண்பருக்குத் தெரியும். அவருடைய இரண்டு பெட்டிகளுக்கும் வழி அந்தப் பாலத்தின் மேல்தான்.

“சரி, அப்ப நமக்கு இருக்கறது சலுகையா, கடனா?” என்றார் அவர். பதிலுக்குக் காத்திருக்காமல் டீ எடுக்கப் போய்விட்டார்.

மொழிபெயர்ப்பில் பதினொரு பக்கங்கள் பாக்கி இருக்கின்றன. 1790ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்த பிறகு அந்தச் சொல் வரும் இடங்களில் ‘ஒதுக்கீடு’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பாதி வாக்கியங்களில் பொருந்துகிறது. விமான நிலையக் காட்சிகளில் இடிக்கிறது. அந்த வரிசையில் யாரும் எதையும் ஒதுக்கவில்லை. ஒருவர் இயல்பாக நடந்து முன்னால் போய் நிற்கிறார். அவ்வளவுதான். அதற்கு ஒரு சொல் வேண்டும்.